கேத்தோடுப் பாதுகாப்பு: எண்ணெய், எரிவாயுத் துறையில் அரிமான மேலாண்மை

கேத்தோடுப் பாதுகாப்பு என்பது, மண்ணில் புதைந்தோ நீரில் மூழ்கியோ இருக்கும் ஓர் உலோகக் கட்டமைப்புக்கு நேர்திசை மின்னோட்டத்தை வெளியிலிருந்து ஊட்டி, அதன் புறப்பரப்பு முழுவதையும் ஒரு மின்கலத்தின் கேத்தோடாக ஆக்கி, அரிமானத்தைத் தடுக்கும் மின்வேதி முறையாகும். நிலத்தடியில் செல்லும் கச்சா எண்ணெய், எரிவாயுக் குழாய்கள், சேமிப்புத் தொட்டிகளின் அடித்தகடுகள், எண்ணெய்க் கிணறுகளின் உறைக்குழாய்கள், கடலில் நிற்கும் உற்பத்தி மேடைகளின் கால்கள் ஆகியவை இம்முறையால் காக்கப்படுகின்றன. எண்ணெய்த் துறையில் அரிமான மேலாண்மை என்ற சொல்லில் பொருள் தேர்வு, பூச்சு, வேதித் தடுப்பான்கள், கண்காணிப்பு என்று பலவும் அடங்கும் என்றாலும், நீண்ட குழாய்வழிகளின் ஆயுளைப் பல பத்தாண்டுகளுக்கு நீட்டித்த பெருமை முதன்மையாக இம்முறைக்கே உரியது. களப்பணியாளர் இதனைச் சுருக்கமாக ‘சி.பி.’ என்பர்.

அரிமானம் நிகழும் விதம்

இரும்பு இயற்கையில் பெரும்பாலும் ஆக்சைடு தாதுவாகவே கிடைக்கிறது. ஊதுலையில் பெரும் வெப்ப ஆற்றலைச் செலவிட்டு அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் உலோகம், ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்த இடத்தில் மீண்டும் ஆக்சைடாக மாற முனைகிறது. இம்மாற்றம் பரப்பெங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை. உலோகத்தின் ஒரு பகுதியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன; அப்பகுதி ஆனோடு எனப்படும். விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறொரு பகுதிக்குச் சென்று, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனால் ஏற்கப்படுகின்றன. அப்பகுதி கேத்தோடு எனப்படும். இவ்விரண்டையும் இணைக்கும் உலோகப் பாதையும், அயனிகள் நகர்வதற்கு ஈரமண் அல்லது உப்புநீர் போன்ற ஒரு மின்பகுளியும் இருந்தால் சுற்று நிறைவடைகிறது. கரைவது ஆனோடு மட்டுமே. கேத்தோடு கரைவதில்லை என்ற இந்த ஒரே உண்மையின் மீதுதான் முறை முழுவதும் நிற்கிறது.

ஒரே குழாயில் ஆனோடும் கேத்தோடும் அருகருகே அமைவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. குழாயின் அடிப்புறம் இறுகிய களிமண்ணிலும் மேற்புறம் தளர்வாக நிரப்பிய மண்ணிலும் இருந்தால், ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் அடிப்புறம் ஆனோடாகிக் கரையத் தொடங்கும். வயல்வெளியில் ஈரமண்ணில் கிடக்கும் குழாய் சாலைக்கு அடியில் உலர்ந்த மண்ணில் நுழையும் இடத்திலும் இதே நிலைதான். பழைய குழாயில் ஓட்டை விழுந்த துண்டை வெட்டியெடுத்துப் புதிய துண்டு ஒன்றைப் பற்றவைத்தால், துருப்படலம் மூடிய பழைய பகுதி கேத்தோடாகவும் பளபளப்பான புதிய துண்டு ஆனோடாகவும் அமைவதால், பழையதற்கு முன்பே புதியது ஓட்டையாகிவிடும். இக்காலத்து எஃகே தரம் கெட்டுவிட்டது என்று பராமரிப்பாளர்கள் பழி சொல்வதற்கு இதுவே காரணம். எஃகின் மீது குற்றமில்லை.

கரையும் அளவை ஃபாரடே விதிப்படி துல்லியமாகக் கணக்கிடலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டுக் காலம் இரும்புப் பரப்பிலிருந்து மண்ணுக்குள் வெளியேறினால் ஏறத்தாழ 9.1 கிலோகிராம் இரும்பு கரைந்துபோகும். அளவு சிறியதாகத் தோன்றினாலும், குழாயின் பூச்சில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விழுந்த கீறலின் வழியே ஒரு மில்லி ஆம்பியர் மட்டும் வெளியேறினாலும், ஓராண்டில் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எஃகு குடையப்படும். குழாய்ச் சுவர்களில் பல அந்தத் தடிமன்கூட இல்லாதவை.

தொடக்க வரலாறு

இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொடும்போது அவற்றுள் ஒன்று மட்டும் அழிகிறது என்பது அதற்கான விளக்கம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே கப்பல் கட்டுவோருக்குத் தெரிந்திருந்தது. வெப்பமண்டலக் கடல்களில் மரக்கப்பல்களின் அடிப்பலகைகளைக் கப்பற்புழுக்கள் துளைத்து அரித்தன. கொட்டலசுகளும் கடற்பாசியும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. இவற்றுக்கு மாற்றாக 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதும் செப்புத் தகடு போர்த்தப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் வரை சென்று திரும்பிய அக்கப்பலைச் சோதித்தபோது, பல இடங்களில் செப்பைத் தாங்கிய இரும்பு ஆணிகள் கரைந்து தகடுகள் கழன்றிருந்தன. தகடுகள் கப்பல்துறைக்கு வந்தபோது சுற்றப்பட்டிருந்த பழுப்புத் தாள் சில இடங்களில் அகற்றப்படாமல் செப்புக்கும் ஆணிக்கும் இடையே தங்கிவிட்டிருந்தது. அத்தாள் கிழியாமல் இருந்த இடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன. இரு உலோகங்களையும் நேரடியாகத் தொடவிடக் கூடாது என்று கடற்படை அலுவலர்கள் அன்று எழுதிவைத்த முடிவு, கால்வானியின் தவளைக்கால் சோதனைகளுக்கும், வோல்டா தம் மின்னடுக்கை அறிவித்த 1800-ஆம் ஆண்டுக்கும் முற்பட்டதாகும்.

செப்புத் தகடும் கடல்நீரில் மெல்லக் கரையவே செய்தது. அதைத் தடுக்க வழி காணுமாறு கடற்படை வாரியம் ராயல் சொசைட்டியை நாடியது. அதன் தலைவராக அப்போது இருந்த சர் ஹம்ப்ரி டேவி, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை மின்பகுப்பால் முதன்முதலில் பிரித்தெடுத்தவர். வேதிவினைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை அவர் அளவுக்கு ஆழமாகக் கண்டவர் அந்நாளில் வேறு எவரும் இலர். செப்பு கரைவது மின் இயல்புடைய வினை என்றால், அதற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு மின்விசையைக் கொடுத்தால் கரைதல் நிற்க வேண்டும் என்று அவர் கருதினார். செப்புத் தகட்டுடன் சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பிணைத்துக் கடல்நீரில் இட்டுப் பார்த்த சோதனைகள் அக்கருத்தை மெய்ப்பித்தன. 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் அவர் இது குறித்து வாசித்த கட்டுரையே இத்துறையின் பிறப்புச் சான்று. அதைத் தொடர்ந்த சோதனைகளில், செப்பின் பரப்பில் 40-இல் ஒரு பங்கு முதல் 150-இல் ஒரு பங்கு வரை பாதுகாப்பு உலோகம் இருந்தால் செப்பு சிறிதும் தேயாது என்று கணக்கிட்டார். 200-இல் ஒரு பங்கு, 400-இல் ஒரு பங்கு என்று அது குறையக் குறைய, தேய்மானம் மெல்லத் தலைகாட்டியது. டேவியின் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே இச்சோதனைகளில் துணை நின்றார். மேலே கண்ட கணக்குக்கு அடிப்படையான மின்பகுப்பு விதிகளைப் பத்தாண்டுகள் கழித்து வகுத்தவரும் அவரே.

இம்முறை முதன்முதலில் முழு அளவில் பொருத்தப்பட்ட கப்பலுக்குத் தென்னிந்தியத் தொடர்பு உண்டு. ‘சமராங்’ என்ற அந்த 28 பீரங்கிக் கப்பல் கொச்சியில் கட்டப்பட்டு 1822-இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதன் செப்புப் போர்வையும் இந்தியாவிலேயே இடப்பட்டது. 1824 மார்ச்சில் அதன் அடிப்புறத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகள் நான்கு தொகுதிகளாகப் பொருத்தப்பட்டன. நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று 1825 ஜனவரியில் திரும்பிய கப்பலைப் பார்வையிட்டபோது, நீர் மோதிச் சுழலும் பின்பகுதியில் சிறிது தேய்மானம் தவிரச் செப்பு அப்படியே இருந்தது. டேவி தாமே 1824 கோடையில் ‘காமெட்’ என்ற நீராவிக் கப்பலில் வடகடலுக்குப் பயணம் செய்து, ஓடும் கப்பலில் பாதுகாப்பு எவ்வாறு அமைகிறது என்பதை ஆராய்ந்தார்.

ஆனால், முறை வெற்றி பெற்றதே அதற்கு வினையாக முடிந்தது. செப்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலந்ததால்தான், அதன் நச்சுத்தன்மைக்கு அஞ்சிக் கொட்டலசுகள் ஒட்டாமல் இருந்தன. கரைதல் முற்றிலும் நின்றதும் உயிரினங்கள் தடையின்றிப் படர்ந்தன. பாதுகாக்கப்பட்ட கப்பல்கள் பாதுகாக்கப்படாத கப்பல்களைவிட மெதுவாக ஓடவே, 1825-க்குப் பின் கடற்படை இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. பத்திரிகைகள் டேவியை எள்ளி நகையாடின; அவர் மனம் நொந்து, 1829-இல் மறைந்தார். அறிவியல் நோக்கில் அவர் பக்கம் எந்தப் பிழையும் இல்லை என்பதும், தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையையே அவர் அளித்தார் என்பதும் பிற்காலத்தில் ஐயமற விளங்கின. கொட்டலசுகளைத் தடுக்கத் தனிப் பூச்சுகள் வந்த பின்பு, 1950-ஐ ஒட்டிக் கனடியக் கடற்படை எஃகுக் கப்பல்களில் இதே முறையை மீண்டும் கையாண்டு வெற்றி கண்டது.

இடைப்பட்ட நூற்றாண்டில் முயற்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நடந்தன. அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மாலெட் 1840-இல் இதற்கேற்ற துத்தநாகக் கலவை ஒன்றைத் தந்தார். தாமஸ் ஆல்வா எடிசன் 1890-இல், கப்பலுக்குப் பின்னால் ஆனோடுகளை இழுத்துச்சென்று மின்னோட்டம் ஊட்ட முயன்றார். ஏற்ற பொருள்களும் மின்மூலங்களும் அன்று இல்லாமையால் அது பலிக்கவில்லை. நேர்திசை மின்சாரத்தில் ஓடிய டிராம் வண்டிகள் பெருகியதும், தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்னோட்டம் அருகிலிருந்த குழாய்களுக்குள் புகுந்து, அவற்றை விட்டு வெளியேறும் இடங்களில் ஓட்டையிட்டது. இதற்கு எதிராக ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்மன் கெப்பெர்ட் 1906-இல், சுமார் 300 மீட்டர் நீளமுள்ள எரிவாயு, நீர்க் குழாய்களுக்கு வெளியிலிருந்து 10 வோல்ட்டில் 12 ஆம்பியர் மின்னோட்டம் ஊட்டிய நிலையத்தை அமைத்தார்.

எண்ணெய், எரிவாயுத் துறைக்குள் இம்முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான இராபர்ட் ஜே. கூன். 1920-களில் அமெரிக்காவில் தடித்த வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு மாற்றாக, மெல்லிய சுவரும் உயர் அழுத்தமும் கொண்ட, பற்றவைக்கப்பட்ட எஃகுக் குழாய்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் புதைக்கப்பட்டன. வார்ப்பிரும்பில் பத்தாண்டுகள் பொறுத்த அரிமானம் இவற்றில் சில ஆண்டுகளில் ஓட்டையாக வெளிப்பட்டது. 1928-இல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் ஒரு நெடுந்தொலைவு எரிவாயுக் குழாய்க்கு மின்திருத்தி கொண்டு மின்னோட்டம் ஊட்டிய கூன், தாமிர சல்பேட் ஒப்பீட்டு மின்முனையுடன் ஒப்பிடும்போது குழாயின் மின்னழுத்தம் −0.85 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அரிமானம் நிற்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதே ஆண்டு வாஷிங்டனில், அமெரிக்க தேசியத் தர அளவைப் பணியகம் கூட்டிய மாநாட்டில் அவர் இதனை அறிவித்தபோது அவையோர் பலர் நம்பவில்லை. அரிமானமே காரணம் என்பதைவிட, எஃகு ஆலைகளின் தரக்குறைவே காரணம் என்பதே அன்றைய பொதுக்கருத்தாக இருந்தது. அப்பணியகமே பல வகை மண்ணில் ஆயிரக்கணக்கான உலோகத் துண்டுகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு, மெல்வின் ரோமனாஃப் 1957-இல் வெளியிட்ட தொகுப்பாக நிறைவுற்று, மண்ணே குற்றவாளி என்பதை நிலைநாட்டியது.

1943-இல் அமெரிக்கக் குழாய்த்துறையைச் சேர்ந்த பதினொரு பொறியாளர்கள் தொடங்கிய தேசிய அரிமானப் பொறியாளர் சங்கம் நாளடைவில் ‘நேஸ்’ என்ற பன்னாட்டு அமைப்பாக வளர்ந்தது. இவ்வமைப்பு 1969-இல் வெளியிட்ட நடைமுறை விதிகளில் கூனின் எண் முதன்மை அளவுகோலாக இடம்பெற்றது. 1971 ஜூலைக்குப் பின் பதிக்கப்படும் எரிவாயுக் குழாய்கள் அனைத்துக்கும் பூச்சும் கேத்தோடுப் பாதுகாப்பும் அமெரிக்கச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன.

வகைகள்

மின்னோட்டம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைப் பொறுத்து இம்முறை இரண்டாகப் பகுக்கப்படுகிறது. முதலாவது, டேவியின் வழியில் வந்த தன்னழிவு ஆனோடு முறை. எஃகைவிட எளிதில் கரையும் மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றுள் ஒன்றின் கட்டியைக் குழாயுடன் கம்பியால் இணைத்துப் புதைத்தால், அக்கட்டி ஆனோடாகித் தான் கரைந்து குழாயைக் காக்கிறது. மக்னீசியத்தின் உந்துவிசை அதிகம் என்பதால் மண்ணுக்கு ஏற்றது. ஆனால் அதன் பாதியளவு தனக்குள்ளேயே வீணாகக் கரைந்துவிடும். துத்தநாகம் ஓர் ஆம்பியருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 10.7 கிலோகிராம் தேயும். அலுமினியமோ 3 கிலோகிராமுக்குச் சற்றே மேல். கடல் மேடைகளின் கால்களில் பற்றவைக்கப்படும் நீண்ட கட்டிகள் அலுமினியமாக இருப்பதன் காரணம் இதுவே. தூய அலுமினியம் தன் மேல் ஆக்சைடு படலம் போர்த்துக்கொண்டு செயலற்றுப்போகும் என்பதால், அதனுடன் துத்தநாகமும் மிகச் சிறிதளவு இந்தியமும் கலக்கப்படுகின்றன. 1977-இல் இயங்கத் தொடங்கிய, சுமார் 1,290 கிலோமீட்டர் நீளமுள்ள அலாஸ்கா குழாய்வழியின் புதைந்த பகுதிகளில், குழாயுடன் துத்தநாக நாடாவும் சேர்த்தே இடப்பட்டது. மின்சார வசதியோ தொடர் கவனிப்போ இல்லாத இடங்களில் இம்முறைக்கு இணை வேறில்லை.

இரண்டாவது, புறமின்னோட்ட முறை. மின்வாரியத்தின் மாறுதிசை மின்சாரத்தை ‘டி.ஆர். யூனிட்’ எனப்படும் மின்மாற்றி–மின்திருத்திப் பெட்டி நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. அதன் எதிர்முனை குழாயுடனும், நேர்முனை குழாயிலிருந்து விலகிப் புதைக்கப்பட்ட ஆனோடுத் தொகுதியுடனும் இணைக்கப்படுகின்றன. இத்தொகுதியை மண்படுகை என்பர். இணைப்பு தவறி முனைகள் மாறிவிட்டால் குழாயே ஆனோடாகி விரைந்து அழியும் என்பதால், பெட்டியை முதன்முதலில் இயக்கும்போது இதனைச் சரிபார்ப்பதே முதல் வேலை. தொடக்கத்தில் பழைய தண்டவாளத் துண்டுகளே ஆனோடுகளாகப் புதைக்கப்பட்டன. பின்னர் கிராஃபைட்டும் சிலிக்கான் மிகுந்த வார்ப்பிரும்பும் வந்தன. 1960-களில் ஹென்றி பியர் உருவாக்கிய, கலப்பு உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியம் ஆனோடு மிக மெல்ல மட்டுமே தேய்வதால் இன்று பெரிதும் பயன்படுகிறது. ஆனோடுகளைச் சுற்றிக் கல்கரித் தூள் நிரப்பப்படுகிறது. அது மண்ணோடு தொடும் பரப்பைப் பெருக்கித் தடையைக் குறைப்பதோடு, ஆனோடுக்கு வரவேண்டிய தேய்மானத்தைப் பெருமளவு தானே ஏற்கிறது. மேல்மண் பாறையாகவோ இடம் நெருக்கடியாகவோ உள்ள ஊர்களில், ஆழ்துளை தோண்டிச் செங்குத்தாக ஆனோடுகளை இறக்குவர்.

நீண்ட குழாய்களில் எம்முறையாயினும் பூச்சு இல்லாமல் சிக்கனமாகாது. 762 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் புறப்பரப்பு ஏறத்தாழ 23,900 சதுர மீட்டர். வெற்றெஃகுக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் தேவை என்று கொண்டால் மொத்தம் 480 ஆம்பியர் வேண்டும்; அதே குழாய்க்கு மூன்றடுக்குப் பாலித்தீன் பூச்சு இருந்து, தேவை 0.05 மில்லி ஆம்பியராகக் குறைந்தால் 1.2 ஆம்பியர் போதும். பூச்சு பரப்பின் பெரும்பகுதியைக் காக்க, பூச்சு விட்ட இடத்தை மின்னோட்டம் தேடிச் சென்று காக்கிறது. நிலக்கரித் தார், தார்நாடா, உருக்கியொட்டிய எப்பாக்சி என்று பூச்சுகள் மாறிவந்த வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது.

அளவீடும் அளவுகோலும்

குழாய் காக்கப்படுகிறதா என்பதை அறிய, தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் குழாயிலிருந்து கம்பி மேலே கொண்டுவரப்பட்டுச் சிறு கம்பத்தில் முடிக்கப்படுகிறது. ‘டெஸ்ட் லீட் பாயிண்ட்’ என்பது களத்தில் அதன் பெயர். அளவிடுபவர் கையில் இருக்கும் ஒப்பீட்டு மின்முனை, செம்புக் கோல் ஒன்றை மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட்டின் நிறைகரைசலில் நிறுத்திய குழல் ஆகும். அதன் அடியில் நுண்துளைகள் உள்ள அடைப்பு உண்டு. கரைசல் நிறைவுற்றதாகவே இருக்கிறது என்பதற்குக் குழலின் அடியில் கரையாத நீலப் படிகங்கள் எப்போதும் தெரிய வேண்டும். கோடையில் காய்ந்த மண்ணாயிருந்தால் ஒரு குவளை நீர் ஊற்றி நனைத்து, அதன் மேல் குழலை நிறுத்தி, குழாய்க் கம்பியையும் குழலையும் உயர்தடை வோல்ட்மீட்டரில் இணைத்தால் குழாய்–மண் மின்னழுத்தம் கிடைக்கும். காக்கப்படாத எஃகு மண்ணில் −0.5 முதல் −0.7 வோல்ட் வரை காட்டும். அதை −0.85 வோல்ட்டுக்கும் கீழே இறக்குவதே இலக்கு. சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் வாழும், காற்றுப் புகாத சேற்றுமண்ணில் இலக்கு −0.95 வோல்ட், மின்தடை மிகுந்த மணற்பாங்கில் −0.75 அல்லது −0.65 வோல்ட்டே போதும் என்று பன்னாட்டுத் தர விதிகள் தளர்வு தருகின்றன.

மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் எடுக்கும் அளவில், மண்ணின் தடையால் எழும் அழுத்த வீழ்ச்சியும் கலந்திருக்கும்; குழாயின் உண்மை நிலையைவிட அது நல்லதாகத் தோன்றும். அதனால் எல்லா டி.ஆர். பெட்டிகளையும் செயற்கைக்கோள் கடிகாரத்தோடு இசைத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரே கணத்தில் அணைத்து, அணைத்த உடனே எடுக்கும் ‘ஆஃப்’ அளவையே ஏற்க வேண்டும். நெடுங்காலம் ‘ஆன்’ அளவையே கொண்டு தேர்ச்சி வழங்கிவந்த நிறுவனங்கள் பல, இம்முறைக்கு மாறியபோது, பாதுகாப்பில் இருப்பதாக எண்ணியிருந்த கிலோமீட்டர்கள் பல பாதுகாப்பற்றுக் கிடப்பதைக் கண்டன. ஒன்றிரண்டு மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தபடி குழாய் மேல் நடந்து செல்லும் நெருக்க இடைவெளி ஆய்வும், மண்ணில் ஏற்படும் அழுத்தச் சரிவைக் கொண்டு பூச்சுக் கீறலின் இடத்தைக் கண்டறியும் ஆய்வும் இவற்றோடு சேர்கின்றன.

மின்னோட்டத்தை அதிகமாக ஊட்டினால் பாதுகாப்பும் அதிகமாகும் என்பது தவறான எண்ணம். −1.2 வோல்ட்டுக்கு அப்பால் சென்றால், எஃகுப் பரப்பில் ஹைட்ரஜன் பெருகிப் பூச்சை எஃகிலிருந்து பிரிக்கிறது. வலிமை மிகுந்த எஃகில் நொறுங்குதன்மையையும் உண்டாக்குகிறது.

முறையின் எல்லைகள்

பூச்சு கிழிந்தால் மின்னோட்டம் காக்கும். பூச்சு கிழியாமல் எஃகை விட்டுக் கழன்று, பை போல நின்றால், அதன் அடியில் நீர் தேங்கும். மின்னோட்டம் உள்ளே புகாது. 2015 மே 19-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்கரையில் வெடித்துக் கடலை எண்ணெயாக்கிய குழாய், கேத்தோடுப் பாதுகாப்பு பெற்றிருந்த குழாய்தான். அதன் வெப்பக்காப்பு உறைக்குள் ஈரம் புகுந்து, வெளிப்புற அரிமானம் மறைவாகவே முற்றியிருந்தது. அதைவிடச் சிக்கலானது தகைவு அரிமான விரிசல். லூசியானாவின் நேக்கட்டாஷ் அருகில் 1965 மார்ச் 4-இல் எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்த பின்பே இது நிலத்தடிக் குழாய்களிலும் நிகழும் என்று தெரியவந்தது. கழன்ற பூச்சின் அடியில் கேத்தோடு வினையால் உண்டாகும் காரத்தன்மையே, விரிசலுக்கு ஏற்ற கார்பனேட்–பைகார்பனேட் சூழலை அமைத்துத் தருகிறது என்பது இதில் உள்ள முரண்.

உயர் அழுத்த மின்கம்பிகளோடு ஒரே வழித்தடத்தில் செல்லும் குழாய்களில் தூண்டப்படும் மாறுதிசை மின்னழுத்தம் மற்றோர் இடையூறு. தொடுபவர் பாதுகாப்புக்கு 15 வோல்ட் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் நல்ல பூச்சுடைய குழாயின் மிகச் சிறிய கீறல்களில் அதற்குக் குறைவான அழுத்தத்திலும் அரிமானம் நிகழக்கூடும். டிராம் காலத்துச் சிக்கல் இன்று நேர்திசை மின்சாரத்தில் ஓடும் மெட்ரோ ரயில்களின் வடிவில் நகரங்களுக்குத் திரும்பியிருக்கிறது.

எல்லாவற்றினும் முதன்மையான எல்லை, வெளியிலிருந்து ஊட்டும் மின்னோட்டம் குழாயின் உட்சுவரைக் காக்காது என்பதாகும். எரிவாயுவுடன் வரும் நீர், கார்பன் டையாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை சேர்ந்தால் குழாயின் தாழ்ந்த பகுதிகள் உள்ளிருந்து குடையப்படுகின்றன. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 2000 ஆகஸ்ட் 19-இல் 12 பேரைப் பலிகொண்ட வெடிப்புக்கும், ஆந்திரத்தின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27-இல் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிப்புக்கும் உட்புற அரிமானமே காரணம். வாயுவை உலர்த்துதல், தடுப்பான் வேதிப்பொருளைச் செலுத்துதல், ‘பிக்’ எனப்படும் உருளையை உள்ளே ஓட்டித் தேங்கிய நீரைத் தள்ளுதல், காந்தப் புலக் கசிவைக் கொண்டு சுவரின் தடிமனை அளக்கும் கருவி பொருத்திய பிக்கை ஓட்டுதல் ஆகியவை இதற்கான வழிகள்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் நெடுந்தொலைவுக் கச்சா எண்ணெய்க் குழாய் அஸ்ஸாமின் நஹர்கட்டியாவிலிருந்து கவுகாத்தி வழியே பிகாரின் பரௌனி வரை, 1,157 கிலோமீட்டர் தொலைவுக்கு 1960-களின் முற்பகுதியில் இடப்பட்டது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 8062, எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தர விதிகள், பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் ஒழுங்குவிதிகள் ஆகியவை இன்று இத்துறையை ஆள்கின்றன. வெயிலில் வெடித்தும் மழையில் உப்பியும் பூச்சை இழுத்துக் கழற்றும் கரிசல் மண் இந்நாட்டில் ஒரு பெரும் சோதனை.

ஆராய்ச்சியில் முன்நிற்பது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். வள்ளல் ராம. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொண்டு 1948 ஜூலை 25-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட இந்நிறுவனம், மண்டபத்தில் கடல்நீர் அரிமானத்தை ஆராயும் களநிலையம் ஒன்றையும் நடத்திவருகிறது. அண்மைக் காலத்தில் தொலைவிலிருந்தே அளவெடுக்கும் கருவிகளும், அரிமான வேகத்தை நேரடியாகக் காட்டும் மின்தடை ஆய்வுகோல்களும் புதிய குழாய்வழிகளில் பரவலாகப் பொருத்தப்பட்டு வருகின்றன.